இரண்டாம் பாகத்தில் என் பெயர்

அன்புள்ளவருக்கு,

நாம் தமிழில் குரல் கொடுத்த பறக்கும் நாயகன் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பகல் காட்சியில் பார்த்தேன். சகிக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு அரங்கில் மிச்சம் நானும் ஏசிக் குளிரும்தான். அவன் பாட்டுக்கு மேகத்துக்குள் மிதந்துகொண்டிருந்தான். நான் கண்ணை மூடி, உங்கள் குரலில் மிதந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் அவன் நாயகியின் ஜன்னலருகே இறங்கி, "சிட்டு, கதவத் திற" என்றான். கண்ணைத் திறந்தேன். நாயகியின் பெயர் அதுவல்ல; வீட்டை விட்டுப் போகும்வரை நீங்கள் என்னைக் கூப்பிட்ட பெயர். உதடு பொருந்திவிட்டதால் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை போலும்.

"இனிமே இங்க வராதே" என்று நாயகியின் வாயில் என் குரல் பதில் சொல்கிறது. இந்த முறை உங்களோடு சேர்ந்து மைக் முன் நிற்க மாட்டேன் என்று, உங்களுக்கு ஒரு வாரம் முன்பே தனியாகப் பேசிவிட்டுப் போன வசனம் அது.

எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தேன். வீட்டுப் பூட்டை இன்னும் மாற்றவில்லை.

இப்படிக்கு,
அந்தப் பெயருக்கு உரியவள்