மாப்பிளை சுகம்

அப்பா, இந்த மடலை எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கள். நீங்கள் இருந்த காலத்தில் நாம் இருவரும் சேர்ந்தாற்போல் பத்து வசனம் பேசியதில்லை. இப்போது பக்கம் பக்கமாக எழுத வந்துவிட்டாளே என்று நினைப்பீர்கள்.

இன்று காலை கூட்டைத் திறந்து இலைகளுக்குத் தண்ணீர் விசிறினேன். ஈர மண்ணும் செவ்வரத்தை இலையும் கலந்த அந்த வாசனை வந்தது. பக்கத்துச் சுவரில் நீங்கள் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. காலை தண்ணீர், பின்னேரம் தண்ணீர், எந்த நாளில் சுண்ணாம்புச்சத்துத் தூள், எல்லாம் உங்கள் கையெழுத்தில் மங்கிவிட்டன. "காத்து" என்ற சொல்லும் அதன் கீழே நீங்கள் போட்ட மூன்று கோடுகளும் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன.

உங்கள் பச்சோந்தி நான்கு நாட்களாகச் சாப்பிடவில்லை. பகலிலும் கண்ணை மூடியபடி கீழ்க்கிளையில் இருக்கிறான். அவனுக்கு ஏழு வயது, இது முதுமை, தொந்தரவு செய்யாமல் வைத்திருங்கள் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். அம்மா ரொறன்ரோவில் சித்தி மகளின் கல்யாண வீட்டில் நிற்கிறார். நீங்கள் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை இந்தக் கிழமைதான் தொலைபேசியில் கேட்டேன். அதனால் சொல்லவில்லை. நாளுக்கொன்றாக அவனுடைய பழைய படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்படி ஒளிப்பதை நான் யாரிடமிருந்து எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வீடு மாறிப்போன வகுப்புத் தோழி ஒருத்தி அவனைக் கண்ணாடித் தொட்டியோடு என்னிடம் தந்த நாள் நினைவிருக்கிறதா? "ஊரில கல்லெறிஞ்சு கலைக்கிற சாமானை இவள் மடியில வச்சுக்கொண்டு வாறாள்" என்று அம்மா கதவிலேயே மறித்தார். நீங்கள் குனிந்து நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு, "மரத்தில இருக்கிறவன் எல்லோ, ஏன் மீன்தொட்டிக்குள்ள விட்டிருக்கினம்?" என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் அவனைப் பற்றிக் கேட்கப்பட்ட முதல் சரியான கேள்வி அதுதான்.

நீங்கள் வேலை செய்த தளபாடத் தொழிற்சாலையில் கழித்துவிட்ட மரச்சட்டங்களைக் கேட்டு வாங்கிவந்து, இரண்டு வார இறுதிகளில், உங்கள் உயரத்துக்கு ஒரு கம்பிவலைக் கூடு செய்தீர்கள். நான் இணையத்தில் வாசித்து வாசித்துச் சொன்னேன். அவன் எங்களைக் குனிந்து பார்க்கும் உயரத்தில் இருந்தால்தான் பயமில்லாமல் இருப்பான். கிளைகள் ஒரே தடிப்பில் இருக்கக் கூடாது. மேலே ஒரு பக்கம் சூட்டு விளக்கு, மற்றப் பக்கம் நிழல். புறஊதாக்கதிர் விளக்கை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றபோது மட்டும் நீங்கள் மறுத்தீர்கள்.

"எரியுது தானே பிள்ளை. ஏன் மாத்திறது?"

"எரியும் அப்பா. ஆனா வரவேண்டிய கதிர் வராது. அவனுக்கு எலும்பு வளைஞ்சுபோம்."

அடுத்த நாளே விளக்கின் ஓரத்தில் ஒரு துண்டு நாடா ஒட்டி, மாற்றவேண்டிய மாதத்தை எழுதிவைத்தீர்கள்.

அம்மா ஒவ்வொரு நாளும் சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். அவன் தொடவே இல்லை. இலையில் நின்று நடுங்கும் துளியைத்தான் அவனுக்குத் தண்ணீர் என்று தெரியும். கிண்ணத்தில் அசையாமல் கிடப்பது தெரியாது. அதைச் சொன்னாலும் அம்மா கேட்கவில்லை. "மாமி வீட்டில வெக்கப்படுற மாப்பிளை மாதிரி இருக்கிறார். வச்சதைக் குடிக்கிறாரில்லை" என்றார். அன்றிலிருந்து அவன் மாப்பிளை. அவனுக்கு வாங்கிய சில்வண்டுகளில் இரண்டு தப்பிப்போய்க் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் கத்தியபோதுகூட, "மாப்பிளையின்ர சாப்பாடு பாடுது" என்றுதான் அம்மா ஏசினார்.

கோப்பன்ஹேகனில் எனக்குக் கிடைத்த அறையில் பிராணிகள் வளர்க்க முடியாது. "நான் பாக்கிறன். நீ படி" என்றீர்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்தப் படிப்பைப் பற்றி என்னிடம் என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரியாது, என்ன சொல்வது என்று எனக்கும் தெரியாது. ஆனால் வேலைக்குப் போகுமுன் தினமும் அவனைப் படமெடுத்து அனுப்பினீர்கள். ஞாயிறுகளில் தொலைபேசி எடுத்து, "மாப்பிளை சாப்பிட்டார். நீ சாப்பிட்டியோ?" என்று கேட்பீர்கள். அந்த ஒரு கேள்விக்காக நான் காலையிலிருந்து காத்திருந்த ஞாயிறுகள் உண்டு. விரிவுரை மண்டபத்தில் வாய் திறக்கப் பயந்து ஒரு கிழமை முழுவதும் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, உங்களுக்கு "ஓம்" என்று பதில் சொன்னதுதான் சில வேளை என் முதல் சொல்.

பிறகு அந்த ஜனவரி. எனக்குப் பரீட்சை. வழக்கம்போலப் படம் வந்தது. பார்த்துவிட்டு உடனே உங்களுக்கு எடுத்தேன்.

"அப்பா, ஜன்னலுக்கு வெளிய மரத்தில இலை நிக்குது. ஜனவரியில எங்காலை இலை? இது பழைய படம் எல்லோ?"

 அந்தப் பக்கத்தில் அம்மா, "நான் அப்பவே சொன்னனான், அவள் கண்டுபிடிப்பாள் எண்டு" என்றது கேட்டது.

"உனக்குச் சோதனை எல்லோ" என்றீர்கள், கடைசியில்.

வெப்ப நாட்டுப் பிராணி, டென்மார்க் குளிரில் பாவம் என்று, கூட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் விரிப்பும் அதன்மேல் போர்வையும் கட்டியிருந்தீர்கள். ஈரம் உள்ளேயே நின்று, காற்றில்லாமல் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. எட்டு வயதிலிருந்து உங்களுக்காக வைத்தியரிடமும் கொமூன் அலுவலகத்திலும் டெனிஷ் பேசியவள் நான். அன்று நான் இல்லாமல், அவனைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தலும் வைத்து, பேருந்தில் தனியே போயிருக்கிறீர்கள். வைத்தியர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே சொல் உங்களுக்கு விளங்கியது: லுஃப்ட். காற்று. வீட்டுக்கு வந்து போர்வையை அவிழ்த்துவிட்டு, சுவரில் அந்தத் தாளை ஒட்டினீர்கள்.

அவன் பிழைத்தான். ஆனால் நான் உங்களோடு கோபித்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. "இனி ஒண்டையும் என்னட்டை ஒளிக்கக் கூடாது" என்றேன். "ஓம் பிள்ளை" என்றீர்கள். பெரியவர்கள் சும்மா சொல்லும் ஓம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, என் கடைசிப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்தீர்கள். ஞாயிறு அல்லாத நாள் என்பதால் புத்தகத்தை மூடிவிட்டு எடுத்தேன்.

"பிள்ளை, மாப்பிளை சுகம். எனக்குத்தான் சரியில்லை."

அப்பா, நீங்கள் ஒளித்திருக்கலாம். ஒளிக்கும்படி சொந்தங்கள் எல்லோரும் சொன்னார்கள் என்று அம்மா பிறகு சொன்னார். நீங்கள் சொன்னதால் நான் அன்றே ரயில் ஏறினேன். பரீட்சைக்குப் போய்வந்த நாள் தவிர, நாலு மாதம் உங்களோடு இருந்தேன். கூட்டின் முன்னால் இரண்டு கதிரை போட்டு, அவன் ஒரு அடி வைத்து, யோசித்து, அடுத்த அடி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதும் நாம் அதிகம் பேசவில்லை. பேசாமல் பக்கத்தில் இருக்க நேரம் கிடைத்தது. அந்த நாலு மாதத்துக்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் இத்தனை பக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நானோ நேற்றுப் பின்னேரம் உங்களைவிடக் கெட்டித்தனமாக, மரத்தில் பச்சை இலை நிற்கும் படமாகத் தேடி அம்மாவுக்கு அனுப்பினேன். இப்போது ஜூலை, பிழை தெரியாது. பட்டம் எடுத்து நான் கண்ட முன்னேற்றம் அது. அம்மா உடனே பதில் போட்டார்: "மாப்பிளையைக் கேட்டதாச் சொல்லு. வந்து பாக்கிறன்."

அம்மா வர இன்னும் பதினொரு நாள். அவனுக்கு அவ்வளவு நாள் இருக்காது. அம்மா காணொளியில் அவனோடு ஒருதரம் கதைக்க வேண்டும். அந்த உரிமையை நான் அவரிடமிருந்து எடுத்துவிடக் கூடாது.

இங்கே மதியமாகிறது. ரொறன்ரோவில் இப்போது விடிந்திருக்கும். அம்மா எழும்பித் தேத்தண்ணி போட்டிருப்பார். உங்கள் கதிரையையும் கூட்டின் முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறேன். தொலைபேசி என் கையில் இருக்கிறது.

அப்பா, இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். அன்று நீங்கள் சொன்ன அந்த வசனத்தை எனக்குத் தாருங்கள். அம்மா எடுத்ததும் அதை மாற்றிச் சொல்லப் போகிறேன். சொல்லி முடிக்கும்வரை இந்தக் கதிரையில் வந்து இருங்கள்.

"அம்மா, நான் சுகம். மாப்பிளைக்குத்தான் சரியில்லை."