மூன்று கொட்டாவிகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நீ நலமா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

உன் நாய் உருண்டையும் நானும், அம்மா வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு ஞாயிறுதோறும் போவது உனக்குத் தெரியும். படுத்திருப்பவர்கள் தடவிக்கொடுக்க அது அசையாமல் நிற்கும். ஏழாம் அறையில் ஒரு பழைய தபால்காரர். பார்க்க யாரும் வருவதில்லை. இரண்டு மாதமாக வாய் திறக்காதவர், போன வாரம் உருண்டையைப் பார்த்து, "முப்பது வருஷம் நாய்ங்க என்னைத் துரத்துச்சு. இப்பதான் ஒண்ணு தேடி வருது" என்று சிரித்தார். பிறகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். விடவேயில்லை.

உருண்டை கொட்டாவி விட்டது. நாய்க்கு அந்த நேரத்துக் கொட்டாவி தூக்கமல்ல, பயம். உடனே வெளியே கூட்டிவந்துவிட வேண்டும். நாயுடன் வருபவர்களுக்கு இல்லத்தில் தந்த பயிற்சிக் கையேட்டில் அந்த வரியை அடிக்கோடிட்டு வைத்தவள் நான். மூன்று முறை விட்டது. எண்ணினேன், அண்ணா. அவர் பேசுகிறாரே என்று வாரை இழுக்கவில்லை. கடித்துவிட்டது.

வயதான தோல் நனைந்த காகிதம் போலக் கிழிந்தது. ஒன்பது தையல். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. "அது மேல தப்பில்ல, நான்தான் விடல" என்றே சொல்கிறாராம். நினைவு தப்பியவர் பேச்சு என்று யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

என் வயதுப் பெண் நாயுடன் போனால் வயதுவந்த ஒருவர் அறைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பது விதி. அம்மா கூட நிற்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த அறையில் படுக்கை விரிப்பு மாற்றப் போயிருந்தாள். நடந்ததை எழுதித் தரச் சொல்லி இல்லத்தில் கேட்டார்கள். நான் கொட்டாவியை எழுதினால், கூட நின்றவர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பார்கள். அம்மாவின் வேலை போய்விடும். "சும்மா நின்னுட்டு இருந்தப்பவே கடிச்சிருச்சுன்னு எழுதிக் குடுத்துடுடி. இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளு" என்றாள். என் அழகான கையெழுத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

காரணமில்லாமல் கடிக்கும் நாயை ஊசி போட்டு முடித்துவிடுவார்களாம். உரிமையாளர் நீ. அதற்கு நீ கையெழுத்துப் போட வேண்டிய சம்மதத் தாள் இத்துடன் இருக்கிறது. உறைக்குள் அது மட்டும்தான் இருப்பதாக அம்மா நினைக்கிறாள்.

கையெழுத்துப் போடாதே என்று எழுதத் துணிவில்லை. போடு என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவைக் கோபிக்காதே. வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

உருண்டையைப் பின்பக்கம் கட்டி வைத்திருக்கிறோம். நான் கிட்டே போனால் வாலை ஆட்டுகிறது. ஆட்டிக்கொண்டே கொட்டாவி விடுகிறது.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
தங்கை