மைக்ராஸ்கோப்புக்கு வைத்த பொட்டு

என் பிரியமான அண்ணிக்கு,

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உப்புத் தூளைவிடச் சின்னதாக நீங்கள் செய்த ரோபோக்கள் போய்விட்டன. தண்ணீரில் தானே நீந்தி, சூடு எங்கே ஜாஸ்தி என்று தானே கண்டுபிடித்து, உடம்பை ஆட்டிச் சொல்லுமே, அந்தக் கடைசி ஈடு. நீங்கள் கண்ணை மூடிய பிறகும் கல்லூரிக்காரர்கள் நம் லேபை மூடாமல் வைத்திருந்ததே, அவை நீந்துவதை ஒருமுறை நேரில் பார்க்கத்தான்.

ஆயுத பூஜையன்று நான்தான் கெடுத்தேன். வருஷா வருஷம் மைக்ராஸ்கோப்புக்கு நீங்கள் பொட்டு வைப்பீர்களே, இந்த வருஷம் அதை விட்டுவிட மனசு வரவில்லை. குங்குமத்தை எடுத்துப் பொட்டு வைத்தேன். கீழே ரோபோக்கள் நீந்தும் கிண்ணம் திறந்திருந்தது. உதிர்ந்தது ஒரு சிட்டிகைகூட இருக்காது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் பாறை சரிந்த மாதிரி அவற்றை மூடிக் கிடந்தது. வெளிச்சம்தானே அவற்றுக்குச் சாப்பாடு? அப்படியே நின்றுவிட்டன.

ஒன்பது நாள் அலசினேன். ஒவ்வொரு தடவையும் தூளோடு ரோபோக்களும் போயின. மிஞ்சிய மூன்றும் எந்த வெளிச்சத்துக்கும் அசையவில்லை. வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லி அழுதேன்.

“குங்குமமா வெச்ச?” என்று அண்ணன் என்னையே பார்த்தார். “அவ ஸ்டிக்கர் பொட்டுதானே வெப்பா. தூள் வுழுந்தா எல்லாம் போயிடும்னு, பூஜைக்கு முன்னாடியே என்னை பாக்கெட் வாங்கியாரச் சொல்லுவா.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே!”

“நீ கேட்டியா?”

நாலு வருஷம் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணுக்குத் தெரியாததைப் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு அடி தூரத்தில் இருந்த பொட்டை ஒரு நாளும் சரியாகப் பார்க்கவில்லை. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எரிச்சலாக வருகிறது அண்ணி, உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

கல்லூரியில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மறுபடி செய்ய முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று வாயை விட்டுவிட்டேன். ரோபோவுக்கு உள்ளே இருக்கும் கணினிச் சுற்று முழுவதும் நீங்கள் வரைந்தது. எனக்கு அதில் பாதிகூடப் புரியாது. இத்தனை நாள் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலையில் உங்கள் வரைபடத்தைத் திறக்கிறேன். புரியாத ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கேள்வி எழுதுவேன், நீங்கள் இருந்தபோதே கேட்டிருக்க வேண்டியதை எல்லாம். நீங்கள் பதில் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் ஒன்றுகூட விடாமல் கேட்பேன்.

இன்னும் கோபம் தீராத
உங்கள் நாத்தனார்,
மீனா