சோப்பு விளம்பரத்தில் மிரேயின் சிரிப்பு

மோந்த்ரேய்,
நவம்பர் 1979

அன்புள்ள ஜொசியானுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமா? மோன்றியாலில் இந்நேரம் பனி கொட்டத் தொடங்கியிருக்கும். இங்கே மழைதான். உன் அண்ணன் சாப்பிடுகிறார், தூங்குகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். அவ்வளவுதான்.

வேலையும் அதேதான். எந்தப் படத்துக்குப் போகும் என்று தெரியாமலே இசையமைத்து இசைத்தட்டில் போட்டுவைப்பது, காசு கொடுப்பவன் எடுத்துக்கொள்வது. "அண்ணே, நீ ரெடிமேட் சட்டைக் கடைல்ல வச்சிருக்கே" என்று கேலி செய்வாயே. இப்போது கடலடிப் படங்களுக்கென்று ஏதோ செய்கிறார். கேட்கவே மூச்சு முட்டுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மிரேய் கைக்குழந்தையாக இருந்தபோது, குளியல் தொட்டியில் அவளைச் சிரிக்கவைத்துப் பதிவு செய்து, சிந்தசைசரோடு சேர்த்து ஒரு மெட்டுப் போட்டாரே, அதை ஒரு சோப்புக் கம்பெனி எடுத்திருக்கிறது. தினமும் செய்திக்கு முன்னால் டிவியில் வருகிறது. பிள்ளையை மண்ணில் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஜொசியான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன், கூடத்தில் அவள் சிரிக்கிறாள். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினால் நுரையும் துணியும்தான்.

"எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்க" என்று இவரிடம் கெஞ்சினேன். "வித்தது வித்ததுதான், ஒதில்" என்று எழுந்து போய்விட்டார்.

நானே இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். "நிறுத்தவா சொல்றீங்க? போன வாரம்தான் உங்க வீட்டுக்காரர் வந்தாரு. எனக்குப் பங்கே வேணாம், இந்த மெட்டை யார் கேட்டாலும் குடுங்க, வெளிநாட்டுக்கும் அனுப்புங்கன்னு சொல்லிட்டுப் போனாரேம்மா" என்றார்.

வழியெல்லாம் இவர் மேல் கொதித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். விளம்பரம் வந்தது. அவள் சிரிக்கத் தொடங்கும் முன்பே இவர் முகம் மலர்ந்துவிட்டது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கிறிஸ்துமஸோடு விளம்பரம் முடிகிறதாம். அதற்குப் பிறகு இவர் என்ன ஆவார் என்று பயமாக இருக்கிறது. முடிந்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கடவுள் அவர்களை உன் கண்முன்னே வளர்க்கட்டும். உங்கள் ஊர் டிவியிலும் அந்தச் சிரிப்பு வந்தால் அணைத்துவிடாதே. கேட்டேன் என்று உன் அண்ணனுக்கு ஒரு வரி எழுது. எனக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் அதைச் சொல்லாதே.

உன் அண்ணி,
ஒதில்