மாடிவீட்டு ஐஸ் மெஷின்

மார்ச் 4, செவ்வாய்

சமையலறை அலமாரிக் கதவு இன்னும் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. கீலில் ஒரு ஸ்குரூ போய்விட்டது, அவ்வளவுதான். போன மாதம் அவரிடம் சொன்னபோது "பாக்கறேன்" என்றார். இன்று காலையும் "பாக்கறேன்" என்றார். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், ஸ்குரூ டிரைவர் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மாடி வீட்டில் ஐஸ் மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுகிறதாம்.

மாடியில் இருப்பவள் பிசியோதெரபிஸ்ட். முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டு, முட்டிவலி முதுகுவலி என்று வருகிறவர்களை வீட்டிலேயே பார்க்கிறாள். வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்க அவளுக்கு நாள் முழுக்க ஐஸ் வேண்டும். இவருக்குத் தோள் பிடித்துக்கொண்டு சட்டை மாட்ட முடியாமல் தவித்தபோது, "மேலேயே ஒருத்தி இருக்காளே, போய்க் காட்டுங்க" என்று அனுப்பியது நான்தான். என் வாயால் சொன்னேன். தோள் எப்போதோ சரியாகிவிட்டது. இப்போது அவளுடைய மெஷினுக்கு இவர் வைத்தியம் பார்க்கிறார்.

மார்ச் 5, புதன்

இன்றும் மாடி. காபி அங்கேயே ஆயிற்றாம்.

மார்ச் 8, சனி

அவளுக்கு வந்த பார்சல் ஒன்றைத் தவறுதலாக நம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல சாக்கு. எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

மெஷினைப் பார்த்தேன். முக்காலி உயரத்துக்கு ஒரு பெட்டி. சமையல் மேடைக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தரையில் நிற்கிறது. பின்னால் தண்ணீர் வர ஒரு குழாய், போக ஒரு குழாய். குழாய்களில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி அதில் 'உள்ளே', 'வெளியே' என்று எழுதியிருக்கிறது. அவர் கையெழுத்து. நம் வீட்டு டப்பா ஒன்றிலாவது சர்க்கரை, உப்பு என்று எழுதி ஒட்டியிருக்கிறாரா இந்த மனுஷன்?

"சார் மட்டும் இல்லன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிருக்கும் அக்கா," என்றாள்.

நான் அக்கா. அவர் மட்டும் சார். அண்ணா என்று கூப்பிட்டால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா? இறங்கி வரும்போது படியிலேயே நின்று யோசித்தேன். நான் அக்கா என்றால் முறைப்படி அவர் அத்தான். வேண்டாம் சாமி. சாரே இருக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

அவருடைய அண்ணன் வீட்டில் சாப்பாடு. பேச்சு ஓட, குழாய்க் கதையைச் சொன்னேன். சொட்டுகிற குழாயைச் சரிசெய்கிறேன் என்று குளியலறைக்குள் போய், மெயின் வால்வை மூட மறந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு தெருவரைக்கும் ஓடிவந்த கதை. எத்தனை தடவை சொன்னாலும் எடுபடும். "இப்ப மாடியில இவர்தான் மெக்கானிக்" என்று புது முடிவு ஒன்றும் சேர்த்தேன். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அண்ணி தலையில் தட்டினாள்.

அவரும் சிரித்தார். பிறகு கைகழுவப் போனவர் வர நேரமாயிற்று.

வந்ததும் வராததுமாக மாடி.

மார்ச் 12, புதன்

நம் சமையலறைக்கு நேர் மேலேதான் அவளுடைய சமையலறை. எல்லாம் கேட்கிறது. ஏதோ தட்டும் சத்தம். அப்புறம் கூடையில் ஐஸ் கடகடவென்று விழுகிற சத்தம். அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம்.

ஐஸில் சிரிக்க என்ன இருக்கு?

மார்ச் 15, சனி

சட்டையின் முன்பக்கமெல்லாம் ஈரம், முகத்தில் ஒரு பளபளப்பு, அப்படி இறங்கி வந்தார். சாப்பிடும்போது தானாகவே ஆரம்பித்தார். ஐஸ் கெட்டியாக வரவில்லையாம், அப்பளம் மாதிரி மெலிசாக, வெள்ளையாக வருகிறதாம். உள்ளே ஒரு தட்டு இருக்கிறதாம், அதன் மேல் தண்ணீர் வழிந்து வழிந்து உறைய வேண்டுமாம், அங்கேதான் என்னவோ—

"குழம்பு ஆறுது" என்றேன்.

நிறுத்திவிட்டார்.

கேட்டிருக்கலாம். ஆனால் அந்த முகம்! என்னிடம் எதைச் சொல்லும்போதும் அந்த முகம் வந்ததில்லையே. அவளுடைய ஐஸைப் பற்றிச் சொல்ல மட்டும் எங்கிருந்து வந்தது?

அவள் அழகி ஒன்றும் இல்லை. கையில் எந்நேரமும் தைல வாடை. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு யோசனை. மெஷின் ஒழுங்காக ஓடினால் அவருக்கு அங்கே என்ன வேலை?

நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஊசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜைப் பார்க்க ஒரு மெக்கானிக் வருவார். இன்று வந்திருந்தார். தெரிந்தவர் வீட்டு மெஷின் என்று சொல்லி விசாரித்தேன். ஐஸ் மெலிசாக வந்தால் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று அர்த்தமாம். குழாய் நுழைகிற இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும், உப்புத் தண்ணீரில் அது அடைத்துக்கொள்ளும் என்றார். அல்லது பின்பக்கக் கம்பிவலையில் தூசி ஏறி, சூடு வெளியே போக வழியில்லாமல் இருக்கும். சுவரை ஒட்டி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஐஸ் விழுகிற இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் இருக்கும், அதில் ஈரம் படிந்தால் கூடை காலியாக இருக்கும்போதே நிறைந்துவிட்டது என்று மெஷின் நின்றுவிடும். இப்படி நிறையச் சொன்னார். போகும்போது, "மெஷினைச் சாய்ச்சா உடனே சுவிட்சைப் போட்டுடாதீங்க, கொஞ்ச நேரம் நிக்கவிடுங்க, உள்ள இருக்கற எண்ணெய் கீழ இறங்கணும்" என்றார்.

அடைப்பைக் கரைக்கிற எலுமிச்சை உப்பு கடையிலேயே இருக்கிறது. ஒரு பொட்டலம் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

கடைக்கு லீவு சொன்னேன். அவர் ஆபீஸ் போன பிறகு மேலே போனேன். "அவர்தான் பார்த்துட்டு வரச் சொன்னார்" என்று கூசாமல் ஒரு பொய். அவள் நம்பினாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு ஆட்கள் குறைவு.

பிளக்கைப் பிடுங்கினேன். தண்ணீர்க் குழாயை மூடினேன் (மெயினையும்). இருவருமாக மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தோம். பின்பக்கம் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கம்பிவலை முழுக்கப் பஞ்சு, துவைத்துக் காயவைத்த துண்டுகளின் பஞ்சு, கம்பளி போர்த்தின மாதிரி. பழைய பல் பிரஷால் கீறிக் கீறி எடுத்தேன். குழாய் நுழைகிற இடத்தைக் கழற்றினால், மெக்கானிக் சொன்ன அதே வலை. சுண்ணாம்பு அடித்தது போல இறுகிக் கிடந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து அதில் போட்டேன். மீதித் தண்ணீரை உள்ளே ஊற்றித் தட்டையெல்லாம் கழுவி, வடிவதற்காக மெஷினைச் சாய்த்தோம்.

சாய்த்ததால் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதை நான் யோசிக்கவில்லை. அவளோடு தனியாக, ஒன்றும் செய்யாமல்.

அவள் துண்டுகளை மடித்தாள். சும்மா இருக்க முடியாமல் நானும் மடித்தேன். சார் எவ்வளவு பொறுமை, எவ்வளவு கவனம் என்று அவள் பேசிக்கொண்டே போனாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரங்களை நேராக்கினேன். அப்புறம் சொன்னாள்:

"முதல் நாள் மூடியைக் கழட்டறப்ப ஒரு பிளாஸ்டிக் கொக்கி உடைஞ்சிடுச்சு அக்கா. அவர் முகம் வெளுத்துப்போச்சு. எனக்கு ஒண்ணுமே தோணலை, பழைய மெஷின்தானேன்னு சொன்னேன். அவர் அதை ஒட்டவச்சிட்டு, 'வீட்டுல சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க'ன்னார்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. காபி போடுகிறேன் என்று எழுந்து போனாள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஏதோ ஒரு ரகசியம் இருக்கிறது என்று நான் நினைத்தது சரிதான். ரகசியம் ஒரு பிளாஸ்டிக் கொக்கி.

மத்தியானம் சுவிட்சைப் போட்டோம். முதலில் விழுந்ததைக் கொட்டிவிடச் சொன்னேன். அடுத்தது கண்ணாடி மாதிரி, கெட்டியாக, கையில் எடுத்தால் கனமாக. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க சாரையே தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க" என்றாள்.

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் படியேறினேன். கேட்டுவிட்டேன்.

மார்ச் 22, சனி

அவள் சொல்லிவிட்டாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்? அவர் மாடிக்குப் போனவர் உடனே இறங்கி வந்தார்.

"சரியாயிடுச்சாமே. நீதான் பண்ணினியாமே."

"பின்னாடி பூரா பஞ்சு. நீங்க பாக்கவே இல்ல போல."

"ம். எனக்குத் தோணலை. நல்லது" என்றார். ஸ்குரூ டிரைவர் பெட்டியைப் பரணில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில் தள்ளினார்.

மார்ச் 25, செவ்வாய்

அவர் மாடிக்குப் போகவில்லை. நான் ஆசைப்பட்டது இதுதான்.

மார்ச் 29, சனி

டிவி. பேப்பர். டிவி. அலமாரிக் கதவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் "பாக்கறேன்" என்று சொல்லவில்லை. மேலே ஐஸ் விழுகிற சத்தம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் தலையை லேசாக நிமிர்த்துகிறார். ஒவ்வொரு தடவையும் நான் பார்க்கிறேன்.

ஏக்கமா? அவள்மேலா, மெஷின்மேலா?

ஏப்ரல் 2, புதன்

கேட்டே விட்டேன். காலையில், அவர் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது. கேட்கிற நேரமா அது? ஆனால் வாய் நிற்கவில்லை. அவமேல உங்களுக்கு என்ன? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு இப்படி உக்காந்திருப்பீங்க? நான் சரிபண்ணினது அவ்வளவு பெரிய குத்தமா?

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஷூ லேஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அவளா? அவகிட்ட எனக்கு ஒண்ணும் இல்ல. அங்க நான் ஒரு தப்பு பண்ணினா அது வெறும் தப்பு. இங்க பண்ணினா அது கதை ஆயிடுது."

லேஸைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

கடையில் ஒரு அம்மாவுக்கு இருமல் மருந்துக்குப் பதில் வேறு எதையோ எடுத்து நீட்டிவிட்டேன். நல்லவேளை, அந்த அம்மாவே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

அவள்மேல் பொறாமை போய்விட்டதா? இல்லை. கூடியிருக்கிறது. முன்பெல்லாம் அவளிடம் இருப்பது எது என்று தெரியாமல் பொறாமைப்பட்டேன். இப்போது தெரிந்து பொறாமைப்படுகிறேன். கொக்கி உடைந்தபோது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லையாம். எனக்கு என்ன தோன்றியிருக்கும்? யாரிடம் முதலில் சொல்லலாம் என்றுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவர் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. நான் பேசியதைவிடப் பரிமாறியது அதிகம். உடம்பு சரியில்லையா என்று அண்ணி கேட்டாள்.

ஏப்ரல் 12, சனி

காலையில் படியில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மெஷின் நின்னுபோச்சு. ஐஸ் நிறைஞ்சிடுச்சுன்னு விளக்கு எரியுது, உள்ள பார்த்தா கூடை காலி. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? பதினோரு மணிக்கு ஒருத்தர் முட்டி வீங்கி வர்றார்."

எனக்குத் தெரியும். ஐஸ் விழுகிற இடத்தில் இருக்கிற அந்தக் கண்ணாடிக் கண். ஈரம் படிந்திருக்கும். முந்தானையால் ஒரு துடை துடைத்தால் போதும். கை துறுதுறுத்தது. ஒரு கால் மேல்படிக்குப் போயே விட்டது. அவள் இன்னொரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்வதைக் கேட்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்று இங்கே மட்டும் எழுதுகிறேன்.

"இது எனக்குப் பிடிபடாது போல இருக்கே," என்றேன். "அவரைத்தான் கேக்கணும். அனுப்பறேன்."

உள்ளே வந்து சொன்னேன். அவர் பேப்பரை இறக்கவில்லை. "நீயே பாக்க வேண்டியதுதானே."

"எனக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தா பார்த்திருக்க மாட்டேனா?"

பேப்பர் இறங்கியது. என்னையே பார்த்தார். நான் காய்கறிக் கத்தியைத் தேடுவது போல மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. பரணில் சூட்கேஸ் நகர்ந்தது.

மேலே வெகுநேரம் தட்டல் இல்லை, பேச்சும் இல்லை. என்ன செய்கிறார்கள்? ஒரு துடைப்புக்கு இவ்வளவு நேரமா? கேட்டுக்கொண்டே கத்திரிக்காயைப் பொடிப்பொடியாக நறுக்கிவிட்டேன், எதற்கும் உதவாத அளவுக்கு. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு ஐஸ் விழுந்தது.

ஈரச் சட்டையோடு வந்தார். நாற்காலியை இழுத்து என் பக்கமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன கோளாறுன்னு நினைக்கற? பஞ்சு இல்ல. வலையும் இல்ல. எல்லாத்தையும் கழட்டிப் பார்த்துட்டேன். கடைசியில பார்த்தா அதுக்குள்ள ஒரு கண்ணு மாதிரி இருக்கு."

"கண்ணா?"

"கண்ணுதான். கண்ணாடியில, கடுகளவுக்கு. அது மேல பனி படிஞ்சிடுச்சு. பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியலை, எல்லாம் நிறைஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு நின்னுடுச்சு."

அடுப்பில் வெங்காயம் கருக ஆரம்பித்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.