சிவப்பில் வந்த வரி

உன் லேப்டாப்பை இன்று காலை கொடுத்தனுப்பிவிட்டேன். உன் ஆபீஸில் இருந்து சொல்லிவிட்டு, கொடைக்கானலில் இருந்து ஒரு ஆள் வந்து வாங்கிப்போனார். கொடுப்பதற்கு முன் ஈரத் துணியால் துடைத்தேன். பட்டன்களுக்கு நடுவில் இருந்து பூண்டு வாசம் வந்தது. என் கை வாசம்தான். காட்டில் பூண்டு தரம் பிரித்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் வந்து உட்காருவேன். "அக்கா, கம்ப்யூட்டருக்கே தாளிச்சு விட்டுருவ போல" என்பாய். அதற்கு மேல் துடைக்க மனம் வராமல் துணியை மடித்து வைத்துவிட்டேன்.

தலைக்குள் கட்டி என்று ஆபரேஷன் செய்து, பெங்களூரை விட்டு நம் ஊர் பூண்டிக்கு நீ வந்தபோது உன் கண் பாதி போயிருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியும், எழுத்து தெரியாது. ஆபீஸில் அதை நீ சொல்லவில்லை. வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாய். "தெரிஞ்சா பாவம்னு ஓரமா உக்கார வச்சிருவாங்கக்கா. இந்த ஒரு சோலியை நானே முடிக்கணும்" என்றாய். எழுத்தைப் படித்துச் சொல்லும் சாப்ட்வேர் ஒன்று இருக்கிறதாம், அது வெரசாக இங்கிலீஷ் பேசுகிறது, காதுக்கு இன்னும் பழகவில்லை என்றாய். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஏ பி சி டி தெரியும், அதற்கு மேல் தெரியாது.

"அது போதும். நீ என் கண்ணா இரு" என்றாய்.

எங்கோ இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வரில், இங்கே நம் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு சாப்ட்வேரை ஏற்ற வேண்டும். அது எதற்கு என்று கேட்டேன். "வத்தலக்குண்டுக்கு நூறு லோடு கேரட் போகணும், லாரி பத்துதான் இருக்குன்னு வையி. எதை எதுல ஏத்துறது? நெசமா ஏத்திட்டு முழிக்காம, பொய் லாரி, பொய் லோடு வச்சு முன்னாடியே ஓட்டிப் பாத்துக்கிறது. லாரிக்குப் பதிலா இங்க கம்ப்யூட்டர் கூட்டம்."

"அப்ப சின்னப்புள்ள வெளாட்டுன்னு சொல்லு."

"ஆமா. வெளாடத்தான் ஆபீஸ் போட்டுச் சம்பளம் குடுக்குறாங்க."

அந்த சாப்ட்வேர் கன்டெய்னர் கன்டெய்னராக வரும் என்றாய். அதையும் எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னாய். கூக்கால் ஊர்க் காட்டுக்கு நாலு நாள் வேலைக்குப் போகும்போது அடுப்பு, சட்டி, அரிசி, உப்பு எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போவோம். போன இடத்தில் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கன்டெய்னரும் அப்படி ஒரு மூட்டைதானாம். நாலு மூட்டை வந்து இறங்க வேண்டும்.

ஜன்னல் கம்பியில் போனைக் கட்டி சிக்னல் பிடித்தோம். நீ எழுத்து எழுத்தாகச் சொல்வாய், நான் ஒற்றை விரலால் தட்டுவேன். திரையில் வருவதை நான் எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொல்வேன். 

"புள்ளி வச்சியாக்கா?"

"வச்சேன்டி."

"எங்க வச்ச, நெத்தியிலயா? நீ திருப்பிப் படிச்சதுல வரலையே."

மூன்றாம் நாள் மதியம் வாசல் தெரியாத அளவுக்கு மூடுபனி. காலையில் இருந்து உனக்குத் தலைவலி, இரண்டு முறை வாந்தி. மூன்று மூட்டை இறங்கிவிட்டது. நாலாவதுக்கு ஒரு வரி சிவப்பாக வந்தது. சிவப்பு வந்தால் உடனே சொல் என்று நீ முதல் நாளே சொல்லியிருந்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன்.

"எல்லாம் வந்துருச்சாக்கா?"

"வந்துருச்சுடி. மொதல்ல கஞ்சியக் குடி."

நீ சிரித்தாய். அவ்வளவு நாளில் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வேலை முடிந்தது என்று ஆபீஸுக்கு எழுதச் சொன்னாய். அதையும் நான்தான் தட்டினேன்.

மறுநாள் வெள்ளனே போன் வந்தது. ஆபீஸ்காரர் பேசியது எனக்கும் கேட்டது. "நாலாவது கன்டெய்னர் இறங்கவே இல்லையே மேடம். எர்ரர் வந்திருக்குமே, பாக்கலையா?"

"பாக்கல சார். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிர்றேன்" என்றாய். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"சிவப்பா வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ பச்சத் தண்ணி கூடக் குடிக்காமக் கெடந்தடி."

"கண்ணா இருன்னுதான சொன்னேன்? நான் எதைப் பாக்கணும்னு முடிவு பண்ணச் சொன்னேனா?"

அதன்பிறகு எழுத்தைத் தவிர ஒரு வார்த்தை நீ பேசவில்லை. அந்தச் சிவப்பு வரியை மறுபடி வரவழைத்தாய், நான் படித்தேன். சர்வரில் இடம் இல்லையாம். உனக்கு நீயே முணுமுணுத்துக்கொண்டாய். முன்பே அதில் கிடந்த பழைய மூட்டைகளை அழித்து, மறுபடி இறக்கினோம். நாலும் வந்தது. சாயங்காலம் உன் பொய் லோடுகள் ஓட ஆரம்பித்தன. வரி மேல் வரியாக மேலே ஏறிக்கொண்டே போனது. பயத்தில் ஒன்றையும் விடாமல் படித்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமோ. "போதும்க்கா, தொண்டை வத்திரும்" என்றாய். பிறகு, "கஞ்சி இருக்கா?" என்று நீயே கேட்டாய்.

நாலைந்து மாதம் கழித்து மதுரை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் இன்னும் வரவில்லை. ஸ்கேன் கவர் என் மடியில் இருந்தது. "பிரிச்சுப் படிக்கா" என்றாய். ஒரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் ஒரு எழுத்தை விடவில்லை. கடைசி வரிக்கு வந்தபோது உன் விரல்கள் என் முழங்கையை இறுக்கின. நிறுத்தச் சொல்லவில்லை, நானும் முடித்துவிட்டேன்.

"என்னடி போட்டிருக்கு?"

"கட்டி சுருங்கிருச்சாம்க்கா. வா, கேன்டீன்ல பொங்கல் இருக்கும். வெள்ளனே கெளம்புனது, நீ ஒண்ணுமே சாப்புடல."

நான் நிம்மதியாகப் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். டாக்டர் அறையிலும் நீ இங்கிலீஷிலேயே பேசி முடித்துக்கொண்டாய். கட்டி வளர்ந்துவிட்ட சேதி அந்தத் தாளிலேயே இருந்தது என்று நீ போன பிறகுதான் எனக்குத் தெரியும். என் வாயால்தான் உனக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

தெரிந்திருந்தால் அந்தக் கடைசி மாதங்களில் நான் காட்டு வேலைக்கே போயிருக்க மாட்டேன். உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஏண்டி சொல்லவில்லை என்று உன்னைக் கேட்க வேண்டும். "நீ இப்படி உக்காந்திருவன்னுதான்க்கா" என்பாய், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்க வேண்டும் போல இருக்கிறது. நீ எதிரில் உட்கார்ந்திருக்க, உன்மேல் கோபித்துக்கொண்டு, ஒரு பகல் முழுக்க உன்னோடு பேசாமல் இருக்க வேண்டும் போல இருக்கிறது.