முன்பாதியும் பின்பாதியும்

பாரோய்,
ஞாயிறு இரவு

அன்பு மகள் எலெய்னுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் தம்பி ஜேசனும் சுகம். நீயும் சுகம்தானே என்று கேட்கப் பேனாவை எடுத்தால், வெள்ளிக்கிழமை போனில் நீ அழுததுதான் காதில் நிற்கிறது. மறுபடி பேசினால் நீ அழுவாய், உன்னைக் கேட்டு நானும் அழுவேன், அதனால்தான் கூச்சிங்குக்கு அனுப்பும் பார்சலில் இதையும் வைக்கிறேன். நெத்திலிச் சம்பல் போத்தலை டேப் சுற்றி இறுக்கியிருக்கிறேன், கத்தியால் குத்தித் திறக்காதே. அப்பாவின் முட்டிவலி பரவாயில்லை. ஜேசன் உன் அறையைப் பிடித்துக்கொண்டான், அக்கா வந்தா ஹால்ல படுக்கட்டும்லா என்கிறான்.

நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நர்சிங் வாய்மொழித் தேர்வில் மேடம், கல்லீரல் பெரிதாவதற்கு என்ன பெயர் என்று கேட்க, நீ ஹெப்பட்டோ என்று சொல்லி நின்றுவிட்டாய். மெகலி என்ற பின்பாதி உனக்குத் தெரியாததில்லை, யாரோ சொல்லி முடிப்பார்கள் என்று காத்திருந்தாய். அடுத்ததற்கும் கார்டியோ என்று சொல்லிவிட்டு மேடத்தின் முகத்தையே பார்த்தாயாம். வகுப்பே சிரித்ததாம், பாதிதான் படித்தாயா என்று மேடம் கேட்டாராம். மறுதேர்விலும் தவறினால் வார்டுக்கு அனுப்ப மாட்டார்கள், அதுக்கு முன்ன நானே வந்துடுறேன்மா, எனக்கு இது வேணாம் என்றாய்.

அந்தக் காத்திருத்தல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தினமும் போனில் நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்து நான் பொருளைச் சொல்ல, நீ முன்பாதியை எடுக்க, நான் பின்பாதியை முடிக்க, அப்படித்தானே படித்தோம். முன்பு கெமாஸ் தோட்டத்தில் இருந்தபோது செபமாலை சொன்ன பழக்கம். அக்டோபர் மாதம் மாதா சுரூபம் லயத்தில் வீடு வீடாக வரும், அந்த வீட்டுப் பிள்ளை மாலையின் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முன்பாதியைச் சொல்லும், கூடியிருப்பவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா முருகனைக் கும்பிடுகிறவர், செபம் முடிந்து பரிமாறும் மீகூனுக்காக வந்து உட்கார்ந்தாலும் பின்பாதியில் அவர் குரல்தான் ஓங்கும். நீ இழுத்தால், என்னாடி எல்சி, ஒம்மவ தூங்கிட்டாளா என்று அங்கிருந்தே கத்துவார். அதனால்தான் மருத்துவச் சொற்களையும் அப்படிப் பிரித்துப் பிடிக்க உனக்கு எளிதாக இருந்தது. டயக்னோசிஸ் ஒன்று என்றால் கடைசியைக் குறுக்கு, பல என்றால் டயக்னோசீஸ் என்று நீட்டு என்று நான் சொல்ல, ஆங்கிலத்தில் நிமோனியாவுக்கு முன்னால் நிற்கும் பி எழுத்து நம்ம அப்பா மாதிரி, வீட்ல இருக்கும், வாயே தொறக்காது என்று நீ சொன்னாயே, அப்பா அதைக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஒன்றை நினைவுபடுத்துகிறேன். உனக்கு எட்டு வயது, ஜேசன் என் வயிற்றில். நம் வீட்டுக்கு மாதா வந்த அன்று அப்படியொரு மழை, லயத்தில் ஒருவரும் வெளியே வரமுடியவில்லை. அப்பா ரயில்வேயில் வேலைக்குப் போயிருந்தார், நான் வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தேன். நீ மட்டும் சுரூபத்தின் முன் மண்டியிட்டு முன்பாதியைச் சொன்னாய், பிறகு எழுந்து ஓடிப்போய் ஆளில்லாத பாயில் உட்கார்ந்து, ராக்கம்மா அக்கா குரலில் பின்பாதியைச் சொன்னாய். மறுபடி ஓடிவந்து அடுத்த மணி. படுத்தபடியே நான் பதில் சொல்ல வாயெடுத்தால், நீங்க தூங்குங்கம்மா, ரெண்டு பக்கமும் நான் பாத்துக்கறேன் என்று அதட்டினாய். மாலை முடியும்வரை அந்தச் சின்னக் கால்கள் ஓடிய சத்தம், இன்றைக்கும் மழை பெய்தால் எனக்குக் கேட்கிறது.

அதனால் மறுதேர்வு முடியும்வரை நாம் சேர்ந்து படிக்க வேண்டாம். எனக்குத்தான் கஷ்டம், அந்த நேரம் வந்தால் கை போனுக்குப் போகும். அறையில் இங்கே நின்று முன்பாதி, அங்கே போய்ப் பின்பாதி, இரண்டையும் நீயே சொல். கூட இருக்கும் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். இதை எழுதிவிட்டுப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வந்துவிடு என்று எழுத எனக்கு மனமில்லை.

மாதா உன் பக்கத்திலேயே இருப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் படுக்காதே, சம்பல் போத்தலைக் கழுவி வை, தூக்கிப் போட்டுவிடாதே. தேர்வு நேரத்தில் இங்கே செபமாலை என் கையில் இருக்கும். பின்பாதியை மட்டும் சொல்ல மாட்டேன்.

வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்
உன் அம்மா,
எல்சி